நாலு குச்சி

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவனுக்கு நாலு என்று எழுதத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு காலத்தில் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது வருவதில்லை. அது உண்மைதான் என்று 1958ஆம் வருஷமே எங்கள் பேட்டையான பேகம்பூர் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

என் பெயர் அப்துல் கையூம். அப்போது இருபத்துமூன்று வயது. திண்டுக்கல்லில் மைதீன் பிச்சை ராவுத்தரின் தோல் ஷாப்பில் ரைட்டர் வேலை. ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஊர்த் தோல் வந்தது, எது தொட்டிக்குப் போனது, எது வெளியே வந்தது என்று எழுதி வைக்கிறவன். அத்தனை பேர் வேலை செய்த ஷாப்பில் பேனா பிடித்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை மறைக்க நான் மெனக்கெட்டதும் இல்லை.

பச்சைத் தோல் ஷாப்புக்குள் வந்தால் முதலில் சுண்ணாம்புத் தொட்டி. முடியெல்லாம் அதில் கழன்றுவிடும். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அதற்கப்புறம் எண்ணெய், உலர்த்தல், தேய்ப்பு. கறுப்பு ஆடு, வெள்ளை ஆடு, புள்ளி போட்ட ஆடு எல்லாம் கடைசியில் ஒரே வெளிர் மஞ்சளாக வெளியே வரும். எது யாருடைய தோல் என்று பெற்ற தாய் ஆட்டுக்கே அடையாளம் தெரியாது. மை போட்டால் கரைந்துவிடும். சீட்டுக் கட்டினால் அழுகிவிடும். அதனால் வால் ஓரத்தில் கத்தியால் கீறித்தான் நம்பர் போடுவோம். கத்தி நேராகத்தான் போகும். வளைத்து 8 போட்டால் இரண்டு வட்டமும் கழன்று விழுந்து இரண்டு ஓட்டைதான் மிஞ்சும். நேர்க்கோடாகவே போடக்கூடிய எண் என்றால் ரோமன் எண்தான்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கோடு போட்டால் ஒன்று. V என்றால் ஐந்து, X என்றால் பத்து. பெரியதற்குப் பின்னால் சின்னது நின்றால் கூட்ட வேண்டும். ஆகவே VI ஆறு. முன்னால் நின்றால் கழிக்க வேண்டும். ஆகவே IV நாலு. நான் படித்த ஹைஸ்கூலில் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் இப்படித்தான் எழுதியிருந்தது. IV என்று எழுதிய வாசலுக்குள் நான் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே நாலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஷாப்பில் நம்பர் வெட்டுகிறவர் முத்துப்பேச்சி. முப்பது வயது இருக்கும். படிப்பு வாசனை கிடையாது. ஒற்றைக் கோட்டைக் குச்சி என்பார், V-யைக் கவட்டை என்பார், X-ஐக் கத்தரி என்பார். கொட்டகையின் மங்கல் வெளிச்சத்தில் ஈரத் தோலை விரலால் தடவியே, "கவட்டை, ரெண்டு குச்சி. ஏழாம் நம்பரு" என்று சொல்லிவிடுவார். எல்லாம் சரி, நாலுக்கு மட்டும் IIII என்று நாலு குச்சி வெட்டுவார். ஒன்பதுக்குக் கவட்டையும் நாலு குச்சியும். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆபீஸ் சுவரில் தொங்கிய சீமைக் கடிகாரத்திலும் நாலுக்கு நாலு குச்சிதான் போட்டிருந்தது. அதைச் செய்தவனும் என்னைப் போல அந்த வகுப்பில் கூடுதலாக ஒரு வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் பக்ரீத் முடிந்த மறுநாள். குர்பானித் தோலை, அதாவது பக்ரீதுக்குப் பலியிட்ட ஆட்டின் தோலை, விற்கக் கூடாது. தர்மத்துக்குக் கொடுக்கலாம், இல்லையென்றால் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சொந்தத்துக்கு வேண்டும் என்று கொண்டுவருபவர்களுக்கு ராவுத்தர் சும்மாவே பதனிட்டுத் தருவார். அப்படி எட்டுத் தோல் வந்தது. நாலாவது தோலைக் கொண்டுவந்தவர் ஜெய்தூன் பீவி.

ஜெய்தூன் மாமி எனக்குத் தூரத்து உறவு. கூடிய சீக்கிரம் நெருங்கிய உறவாக வேண்டும் என்று ஐந்து வேளையும் துவா கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் நசீம் பானுவை எனக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. என் அம்மா இரண்டு முறை போய்க் கேட்டாகிவிட்டது. இரண்டு முறையும் டீயும் பிஸ்கட்டும் வந்தன, பதில் வரவில்லை.

மாமி துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"கையூமு, இது சாதாரண ஆடு இல்ல பாத்துக்க. குஜிலியம்பாறையிலருந்து குட்டியா வாங்கியாந்தது. ரெண்டு வருசமா நசீமுதான் கையில கீரை குடுத்து வளத்தா. இந்தத் தோல்ல ஒரு முசல்லா தச்சு, அவ நிக்காஹுக்குச் சீராக் குடுக்கணும்னு நெனச்சிருக்கேன். அவ தொழுகுறப்பல்லாம் இதுலதான் தொழுகணும்."

"கவலைய விடுங்க மாமி. என் கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்."

"பாத்துக்க. எந்தோலு எங்கைக்கு ஒழுங்கா வந்து சேந்துச்சுன்னா அந்த வெள்ளிக்கெழமையே பேச்ச முடிச்சிருவோம்."

"வந்து சேராம எங்க போகுது?" என்று சிரித்தேன்.

மாமி சிரிக்கவில்லை. "ஒரு ஆட்டுத்தோலப் பத்திரமாப் பாத்துக்கத் தெரியாதவன் எம்மகளை எப்படிப் பாத்துக்குவான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு முக்கியமான தோலுக்குப் பிழையான நம்பர் போடலாமா? நானே கொட்டகைக்குப் போனேன். முத்துப்பேச்சி எட்டுத் தோலையும் சதைப் பக்கம் மேலாக விரித்து வைத்திருந்தார். மூன்று வரைக்கும் வெட்டியாயிற்று. நான் ஒரு காகிதத்தில் IV என்று பெரிதாக எழுதி நீட்டினேன்.

"அக்கா, நாலுன்னா ஒரு குச்சி, பக்கத்துல கவட்டை. இனிமே நம்ம ஷாப்புல இப்படித்தான்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். "வேணாம் ரைட்டர் தம்பி. கவட்டைக்கு முன்னால குச்சி வரக் கூடாது. தோல நாம..."

"ரோமாபுரி ராஜாவே இப்படித்தான் எழுதினான். நீங்க ரோமாபுரிக்குப் போயிருக்கீங்களா?"

"நாங் கொடைரோட்டையே தாண்டுனதில்ல."

"அப்ப வெட்டுங்க."

அவர் கத்தியை எடுத்து வெட்டினார். ஆறாவது தோல் பக்கத்துத் தெரு காதர் பீவியுடையது. அவருக்கு நாலு மகன்கள். நாலு பேருக்கும் செருப்புத் தைக்கத் தோல் வேண்டுமாம். அதற்குக் கவட்டையும் குச்சியும் விழுந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

நாற்பது நாள் கழித்து எட்டுத் தோலும் தயாராகி என் மேஜைக்கு வந்தன. அன்றைக்கு முத்துப்பேச்சி இல்லை. சேவுகம்பட்டியில் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. இருந்தால் அவரே தடவிப் பார்த்துச் சொல்லியிருப்பார். எனக்கென்ன, கண் இல்லையா? ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சீட்டு வைத்தேன். I, II, III, V இவையெல்லாம் சுலபமாக வந்தன. ஒன்றில் IIV என்று இருந்தது. அப்படி ஒரு எண்ணே கிடையாதே என்று புரட்டினேன், VII. இன்னொன்று IIIV, புரட்டினேன், VIII. தோல் பக்கம் மாறிப் புரண்டு கிடந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். மீதி இரண்டு தோலில் ஒன்றில் IV, ஒன்றில் VI. இரண்டும் பார்த்ததுமே சரியாக இருந்தன. சரியாக இருப்பதை எதற்குப் புரட்ட வேண்டும்?

ஆறைக் காதர் பீவி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நாலை நானே எடுத்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஜெய்தூன் மாமி வீட்டுக்குப் போனேன்.

மாமி தோலை வாங்கி மடியில் விரித்தார். ஆசையாகத் தடவினார். இடது விலாப் பக்கம் வந்ததும் கை நின்றது. மறுபடி தடவினார். முகம் மாறியது.

"தழும்பு எங்க?"

"எந்தத் தழும்பு மாமி?"

"போன வருசம் முள்வேலியத் தாண்டி விலாவக் கிழிச்சுக்கிச்சே, அந்தத் தழும்பு. ஒரு விரல் நீளத்துக்கு. நசீமு மஞ்சப்பத்துப் போட்டு ஆத்துனா."

எனக்கு வியர்த்துவிட்டது. என்ன பதனிட்டாலும் தோலில் இருந்த தழும்பு போகாது. தோல் ஷாப்பில் ஒரு வாரம் வேலை பார்த்தவனுக்குக்கூட அது தெரியும். "நம்பர் சரியா இருக்கு மாமி, பாருங்க, நாலு" என்று வால் ஓரத்தைக் காட்டினேன். மாமி அதைப் பார்க்காமல் தோலைச் சுருட்டித் திரைச்சீலைக்கு உள்ளே நீட்டினார். "நசீமு, நீ பாரு."

உள்ளே ஜன்னல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். அந்தக் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அம்மா, கத்தியால கீறுனது ரெண்டு பக்கமும் தெரியிது. இப்படிப் பாத்தா நாலு. திருப்பிப் பிடிச்சா ஆறு. எந்தப் பக்கமாப் பாக்கணும்னு கேளுங்க."

அவள் எட்டாவது வரை படித்தவள். நான் அவளைவிட எத்தனையோ வகுப்பு அதிகம் படித்தவன், சில வகுப்பை இரண்டு தடவையும் படித்தவன். எனக்கு இது தோன்றவில்லை. வெட்டியது சதைப் பக்கம். நான் படித்தது மறுபக்கம். நான் கொண்டுவந்த நாலுதான் ஆறு. காதர் பீவி வீட்டுக்குப் போன ஆறுதான் நாலு.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றார் மாமி.

இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "நம்பர் வெட்டுற அந்தப் பொம்பளதான் மாமி, தப்பான பக்கமா வெட்டிருச்சு. படிப்பறிவு இல்ல பாருங்க" என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுத் தோலை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

காதர் பீவி வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். "அந்தத் தோலா? அத அப்பவே ராயப்பராஜ்கிட்டக் குடுத்தாச்சே. பயலுக நாலு பேரும் காலக் காட்டப் போயிருக்காங்க" என்றார். செருப்புத் தைக்கும் ராயப்பராஜின் கடை கடைவீதி முனையில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார். கடையில் தோலை விரித்து, அதன் மேல் காதர் பீவியின் மகன்கள் ஒவ்வொருவராக ஏறி நின்று, எட்டுப் பாதமும் சாக்கட்டியால் வரைந்தாகிவிட்டது. மூத்தவனின் கட்டைவிரல் முனையில் ராயப்பராஜ் கத்தியை வைத்திருந்தார்.

"வெட்டாதீங்கண்ணே!"

"ஏன், அளவு தப்பா?"

"தோலே தப்பு!"

கையிலிருந்த தோலை அங்கே போட்டுவிட்டு மற்றதை அள்ளிக்கொண்டேன். எட்டுப் பாதங்களுக்கு நடுவில், இடது விலாவில், ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. நடுரோட்டில் நின்று அதைத் தடவினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஜெய்தூன் மாமியும் அழுதார். சாக்கட்டிப் பாதங்களைத் துப்பட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கெழம ஒங்கம்மாவ வரச் சொல்லு" என்றார். வீட்டுக்கு நான் நடந்து போனேனா, பறந்து போனேனா என்று நினைவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஷாப்புக்குப் போனேன். வாசலில் முத்துப்பேச்சி தூக்குவாளியோடு நின்றிருந்தார்.

"என்னக்கா, உள்ள போகல?"

"மொதலாளி வர வேணாம்னுட்டாரு தம்பி. ஜெய்தூன் பீவியம்மா சொல்லி விட்டாகளாம், குர்பானித் தோல மாத்தி வெட்டிட்டேன்னு. எதுனாலும் பொறுப்பேன், அல்லாவுக்குக் குடுத்த தோல்ல தப்பு நடந்தாப் பொறுக்க மாட்டேன்னு கோவமாப் பேசிட்டாரு."

தப்பு செய்தவனுக்குக் கோபம்தான் முதலில் வரும் போலிருக்கிறது. "நாலு குச்சி போடணும்னா ஏன் போடணும்னு அன்னைக்கே வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அவரையே கேட்டேன்.

"சொல்ல விட்டீகளா?" என்றார் அவர். அதில் கோபமே இல்லை. "காகிதத்துக்கு ஒரு பக்கந்தான் தம்பி. தோலுக்கு ரெண்டு பக்கம். கவட்டை, குச்சி ஆறுன்னா, பெரட்டிப் பாத்தாக் குச்சி, கவட்டையாத் தெரியும். நாலுக்கும் அதையே வெட்டுனா எது நாலு, எது ஆறு? நாலு குச்சிய எப்படிப் பெரட்டுனாலும் நாலு குச்சிதான். நம்ம ஷாப்புல குச்சி முன்னால நின்னா, தோலு பெரண்டு கெடக்குன்னு அர்த்தம். அம்புட்டுத்தான்."

எட்டுத் தோலும் அவர் வழக்கப்படி வெட்டியிருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது. பெருமைக்கு நான் வைத்த ஒரே ஒரு நாலு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்போம், பேச்சு முடிந்த பிறகு முதலாளியிடம் நல்ல விதமாகச் சொல்லி இவரை உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம் போட்டேன். திட்டம் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது முத்துப்பேச்சி கேட்டார்: "தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுறீகளா? இவ நல்லா நம்பர் வெட்டுவா, ஏழு வருசமாத் தப்பே வந்ததில்லன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்களேன். வேற ஷாப்புல காட்டி வேலை கேக்குறேன். நீங்க எழுதுனா மதிப்பாக."

சரி என்று ஆபீசுக்குள் போய்க் காகிதத்தை எடுத்தேன். 'இவர் பெயர் முத்துப்பேச்சி' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. தலைக்கு மேல் அந்தச் சீமைக் கடிகாரம் நாலு குச்சியோடு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து முதலாளி அறைக்குப் போய், நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "படிச்ச மடையன்னு கேள்விப்பட்டிருக்கேன்லே. ஷாப்புலயே ஒண்ண வச்சிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். பிறகு வாசல் வரை எழுந்து வந்து, "ஏம்மா முத்துப்பேச்சி, உள்ள போ. தோலு காத்துக் கெடக்கு" என்று அவரே கூப்பிட்டார். என் பக்கம் திரும்பினார். "நீ போயி ஜெய்தூன் பீவிகிட்ட ஒன் வாயால சொல்லு. நாஞ் சொல்ல மாட்டேன்."

அந்தத் தெருவில் நேற்று அவ்வளவு வேகமாக ஓடியவன் இன்று கால் நகர்த்தி நகர்த்திப் போனேன். மாமி முசல்லாவுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். திரைச்சீலை கொஞ்சம் அசைந்தது. இனி இந்த வாசலுக்கு வரப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முத்துப்பேச்சி மேல் பழி போட்டதையும் சொன்னேன்.

மாமி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"தோலு மாறுனது பெரிய தப்பில்ல. மனுசங் கை தவறும். ஊரு பேரு தெரியாத பொம்பள மேல பழியப் போட்டுட்டு எங்கிட்ட எப்படிச் சிரிச்ச நீ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெள்ளிக்கெழம வேணாம்" என்றார் மாமி.

"சரி மாமி" என்று திரும்பினேன்.

"நில்லுலே, முழுசாக் கேளு. பெண்ணு இல்லன்னா சொன்னேன்? தானா வந்து சொன்னேல்ல, அதுக்காகப் பொறுத்துக்கிறேன். நாலு மாசம் போகட்டும். அதுக்குள்ள ஒழுங்கா வேலையக் கத்துக்க. நம்பர் வெட்டுற அந்தம்மா சொல்லட்டும், நீ தேறிட்டேன்னு. அப்ப வா."

நாலு மாசம்! எனக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அம்மா, அந்த நாலு மாசத்த நாலு குச்சியாவே எழுதி வச்சுக்கிறச் சொல்லுங்க. இவுக பாட்டுக்குப் பழைய மாதிரி எழுதி, திருப்பிப் பாத்து ஆறாக்கிறப் போறாக."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் பக்கம் பெண்கள் 'இவுக' என்று யாரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவனைச் சொல்வார்கள். நாலு மாசம் என்று கேட்ட காதில் அந்த 'இவுக' மட்டும்தான் தங்கியது.

ஷாப்புக்குத் திரும்பியதும் குப்பையிலிருந்து ஒரு கழிவுத் துண்டை எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சியிடம் போனேன். "அக்கா, இதுல ஒரு நாலு போட்டுக் குடுங்க."

"எந்த நாலு?" என்றார், முகத்தில் சிரிப்பு இல்லாமல்.

"ஒங்க நாலு."

வரிசையாக நாலு குச்சி வெட்டிக் கொடுத்தார். அதைக் கடிகாரத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டினேன். மாசம் ஒன்று முடிந்தால் ஒரு குச்சியை அது இருக்கும் ஓரத்தோடு கத்தரித்து எறிவேன். கடைசிக் குச்சியை எறிந்த நாள் வியாழக்கிழமை. மறுநாள் என் அம்மாவோடு முத்துப்பேச்சியும், நான் தேறிவிட்டேன் என்று சொல்ல, பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஜெய்தூன் மாமி வீட்டுக்குப் போனார்.